நீலச் சேலை

இந்த மாதம் கொஞ்சம் ஊர் சுற்றினேன். புதுப்படம் ஒன்று பார்த்தேன். பாதிக்கு மேல் சத்தம்தான். புத்தகக் கண்காட்சியில் பட்டிமன்றம் கேட்டுச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழா நாடகத்துக்குப் போனேன். மேடைக்குப் பின்னாலிருந்து தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரத்தின் வாசம் வந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். எங்கிருந்தாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவார். அப்போது பெண்கள் நடிப்பதில்லை. மகனைப் பறிகொடுத்த தாயாக, அம்மாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு அப்பாதான் மேடையில் அழுவார். தெருவே சேர்ந்து அழும்.

ஒரு ஐப்பசிப் புயலில் தோணி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. "வந்துருவாவ" என்று சொல்லிக்கொண்டு அம்மா அழாமலே இருந்தாள்.

அடுத்த திருவிழாவில் அந்த வேஷம் சூசை மாமாவுக்கு வந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வந்து வாசலிலேயே நின்றார். அம்மா பெட்டியைத் திறந்தாள். அப்பா கட்டி அவிழ்த்த பிறகு துவைக்காமல் வைத்திருந்த சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

"அவுக கட்டுனதையே கட்டுங்கண்ணே."

நாடகம் முடிந்த மறுநாள் மாமா அதை நன்றாகத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்து தந்தார். அவர் போனதும் அம்மா சேலையை முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான் இருந்தது.

"ஏளா, அப்பா வாசம் போயிருச்சே."

அப்படியே தரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அம்மா அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரை விலகும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.