சுவர் நலம்

குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. எஸ்தர் அக்கா போய்விட்டார். கேட் திறந்து, பின்னால் ஹாரன் அடித்தும் எனக்கு வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரத்தில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் அவர். காமா கதிர்களை அளக்கும் கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைப்பார். தினமும் காலையில், எதிரே எதையும் வைக்காமல் ஒருமுறை அளப்பார். சுவரிலுள்ள பொட்டாசியம் இயல்பாகவே உமிழும் காமா கதிர், திரையில் 1460 என்ற எண்ணில் கோடாக நின்றால் கருவி சரி. கரும்பலகையில் 'சுவர் நலம்' என்று எழுதிவிட்டுத்தான் டீ குடிப்பார். "நேத்து சரியா இருந்தா இன்னிக்கும் சரியா இருக்கணும்னு சட்டமா சார்?" என்பார்.

ஒருமுறை வெளிநாட்டில் கதிரியக்கக் கற்றை ஆய்வொன்றில் பங்கேற்றுத் தரவுகளோடு திரும்பினேன். நொடியில் சிதையும் அரிய அணுக்கருக்கள் பறந்தபடியே காமா கதிரை உமிழும். ரயில் நெருங்கும்போது ஹாரனின் சுருதி ஏறிக் கேட்பதுபோல, அந்த வேகத்தால் எண் மாறித் தெரியும். கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். திருத்தியதில் யாரும் பார்த்திராத ஒரு கோடு கிடைத்தது. ஒரே ஒரு கருவியின் தரவைத்தான் பார்த்திருந்தேன். அதற்குள் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதி, துறை முழுக்க லட்டு கொடுத்துவிட்டேன்.

அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சார், திருத்தறதுக்கு முன்னாடி இது எவ்ளோ?"

பார்த்தேன். 1460.

"பறக்கறது இல்ல சார் இது. அந்த ஊர்லயும் சுவர் கீதுல்ல?"

எல்லோர் முன்னிலும் முகம் செத்துப்போனது. "உங்க வேலையைப் பாருங்கக்கா" என்று சீறினேன்.

"அதத்தான் சார் பாத்துகினு கீறேன்."

அன்று மாலையே, வெவ்வேறு கோணங்களில் வைத்திருந்த மற்றக் கருவிகளின் தரவையும் பார்த்தேன். திருத்துவதற்கு முன் எல்லாவற்றிலும் அதே 1460. பறப்பது என்றால் கோணத்துக்குக் கோணம் மாறியிருக்கும். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனால், "லட்டு நல்லா இருந்துது சார்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் பெயரில் ஒரு தவறான கண்டுபிடிப்பு உலகில் இல்லை என்றால், அது அவர் போட்ட பிச்சை.

செம்பாக்கத்தில் அடக்கம் முடிந்த மறுநாள் ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். பலகையில் அவருடைய கடைசி 'சுவர் நலம்' இருந்தது. அழிக்க மனம் வரவில்லை. ஆனால் அது பழைய அளவு. விட்டுவைத்தால் அக்கா திட்டுவார். துடைத்துவிட்டு, நைட்ரஜன் ஊற்றி, அளந்தேன். 1460. சாக்பீஸை எடுத்து எழுதினேன்: சுவர் நலம்.