ருக்குவின் மண்டையில் இருந்த நீர்ப்பை

1950-களின் நடுவில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒருநாள் ராயக்கோட்டையிலிருந்து முனியம்மா என்பவள் தன் ஏழு மாதப் பெண் குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தை பெயர் ருக்கு. தலை உடம்புக்கு மீறிப் பெருத்திருந்தது. உச்சிக்குழி புடைத்து நின்றது.

டாக்டர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"மண்டையில நீரு. பொறவியிலேயே வந்தது. வைத்தியம் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து எழுதுவது என் வேலை. அளக்கும்போது வலது பக்கம் மட்டும் மேடாக இருப்பது கையில் தட்டுப்பட்டது. டிரெஸ்ஸிங் ரூம் ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சை மண்டையோடு ஒட்டிப் பிடித்தேன். பயிற்சியில் கற்றுக்கொண்ட முறை அது; நீர் தேங்கிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். இடது பக்கம் இருட்டாகவே இருந்தது. வலது பக்கம் முழுக்கச் சிவப்பாக வெளிச்சம் பரவியது. அப்படியென்றால் நீர் ஒரு பக்கத்தில் பை கட்டியிருக்கிறது. சிஸ்ட். திறந்து எடுக்கக்கூடியது. மெட்ராஸில் மூளை ஆபரேஷன் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

"சார், சிஸ்ட் மாதிரி இருக்குதுங்க. மெட்ராசுக்கு ஒரு லெட்டர் குடுத்தா..."

"நீ டாக்டரா, நான் டாக்டரா? அளந்தமா, எழுதினமான்னு இரு."

இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். வராந்தாவில் முனியம்மா, "நர்ஸம்மா, வேற எங்கயாச்சும் காட்டலாமுங்களா?" என்று கேட்டாள். "டாக்டர் சொன்னதுதாம்மா" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவரிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் ஆள் அனுப்பி முனியம்மாவை வரவழைத்து, லெட்டர் கொடுத்து ரயிலேற்றினார். மெட்ராஸில் மண்டையைத் திறந்து, நீரை வடித்து, பையின் சுவரை வெட்டி எடுத்தார்கள். தலை பெருப்பது நின்றது.

தழும்பைக் காட்ட முனியம்மா வந்தாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே விரலை ஆட்டினேன். ருக்குவின் கண் அசையவில்லை.

"கண்ணு நரம்பு செத்துப் போச்சாம். அஞ்சாறு மாசம் முந்தி வந்திருந்தா தப்பிச்சிருக்குமாம். நீங்கதான் நோவக் கண்டுபிடிச்சீங்கன்னு புது டாக்டரு சொன்னாருங்க. எப்பங்க கண்டுபிடிச்சீங்க?"

"மொத நாளே."

அவள் திட்டவில்லை. குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே என் காதுல ஒரு வார்த்த போட்டிருந்தா, நான் நடந்தாவது போயிருப்பேனே."

அதற்குப் பிறகு அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை.

இப்போது வேலைக்குச் சேரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். டாக்டர் எழுதும் மருந்தை எழுதியபடி கொடுங்கள். ஆனால் உங்கள் கண்ணில் பட்டதைப் பெற்றவளிடம் மறைக்காதீர்கள். பிற்பாடு நான் அப்படித்தான் நடந்தேன். பல டாக்டர்களிடம் திட்டு வாங்கினேன், இரண்டு முறை ஊர் மாற்றினார்கள். அதனால் ருக்குவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.