ஏழு துண்டும் ஒரே ஃபைலும்

ஸ்கூல் வேனில் எந்தப் பிள்ளை ஏறியது, எந்தப் பிள்ளை இறங்கியது என்று பெற்றோருக்கு மெசேஜ் அனுப்பும் மென்பொருளை அவள் தனியாளாக எழுதியிருந்தாள். ஒரு பள்ளி, ஆறு வேன். பிஎச்பி மொழியில் எழுதி, டேட்டாபேஸை ஒரே ஃபைலில் வைத்திருந்தாள். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் ஒரு நாளும் படுத்ததில்லை.

பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு நாத்தனார் அதில் பங்குக்கு வந்து சேர்ந்ததும் பிடித்தது சனி. முதல் நாளே கோடிங்கைப் புரட்டிப் பார்த்து, காலேஜ் பிள்ளைகள் எழுதினது மாதிரி இருக்கிறது என்றாள்.

"நாளைக்கு நூறு ஸ்கூல் வந்தா இந்த ஒத்த ஃபைல் தாங்குமா அண்ணி?"

"வரட்டும். அப்ப மாத்திக்கலாம்."

நாத்தனார் கேட்கவில்லை. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, மெசேஜுக்கு ஒன்று என்று மென்பொருளை ஏழு துண்டாக்கி, ஏழையும் தனித்தனி சர்வரில் ஏற்ற ஆரம்பித்தாள். கணவனோ, அவள் அனுபவசாலி, கொஞ்சம் விட்டுக்கொடு என்று தங்கைக்கு வக்காலத்து வாங்கினான். அன்றிலிருந்து இவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரே அறையில் இரண்டு மேசை, முதுகுக்கு முதுகு. ஐந்து மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பாலத்தடியில் வேனுக்கு சிக்னல் போய்விடும், ஏறின தகவல் சில நேரம் இறங்கின தகவலுக்குப் பிறகு வந்து சேரும் என்பது இவளுக்குத் தெரியும். அதைச் சரிசெய்யத் தன் கோடிங்கில் மூன்று வரி எழுதி வைத்திருந்தாள். நாத்தனாரிடம் சொல்லவில்லை.

புதியது ஓடத் தொடங்கிய முதல் நாள், ஒரு குழந்தை வகுப்பில் உட்கார்ந்த பிறகும் வேனிலேயே இருப்பதாக மெசேஜ் போனது. அதன் அம்மா பள்ளிக்கு ஓடினாள்.

மத்தியானம் நாத்தனார் பழைய கோடிங்கில் அந்த மூன்று வரியைக் கண்டுபிடித்தாள்.

"தெரிஞ்சே சொல்லலையா?"

"நீ கேக்கலையே."

அந்த அம்மாவுக்கு இவள்தான் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். சாயங்காலமே பழையதைத் திரும்ப ஏற்றினார்கள். அந்த மாதமே நாத்தனார் விலகிக்கொண்டாள்.

இரண்டு வருடத்தில் ஒன்பது பள்ளியானது. காலை ஏழரைக்கு எல்லா வேனின் தகவலும் ஒரே நேரத்தில் வந்து விழ, அந்த ஒற்றை ஃபைல் திணறியது. இவள் ஒரு சனி, ஞாயிறில் டேட்டாபேஸை மட்டும் தனி சர்வருக்கு மாற்றினாள், மற்றதெல்லாம் அப்படியே. விஷயம் தெரிந்த நாத்தனார், "நான் அப்பவே சொன்னேன்" என்று அண்ணனிடம் குத்திக் காட்டினாளாம்.

அந்த ஃபைல் தாங்காது என்று அவள் சொன்னது சரிதான். அதை அவள் காதுபடச் சொல்ல மட்டும் இவளுக்கு இன்றுவரை வாய் வரவில்லை.