ஊர் கேட்காத ஊர்

சிரிக்கக் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டிய பொம்பளை, காலேஜ் போகும் மகள் இருக்கிறவள், நாலைந்து மாதம் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் கேமைப் பற்றிய செய்தியை ஃபோனில் படித்துவிட்டு மளிகைக் கடையில் அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருக்கிறார், நான் கவனிக்கவில்லை. வாளும் மந்திரமும் டிராகனும் வருகிற கேம் அது. பாகம் பாகமாக வரும். இருபது வருஷமாக ஒரு பாகம் விடாமல் ஆடிக்கொண்டு வருகிறேன். ஆடுகிற ஆள் நாம் ஒருவர்தான், அந்த ஊர்களில் இருக்கிற மற்ற சனமெல்லாம் கம்ப்யூட்டர் சனம். அடுத்த பாகம் அப்படி இல்லையாம், ஆன்லைனாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடலாமாம்.

இந்தக் கேமின் ரசிகர்கள் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே ஒரே ஒப்பாரி. கதை போய்விடும் என்கிறார் ஒருவர். காசுள்ளவன் நல்ல வாளை விலைக்கு வாங்கிவிடுவான் என்கிறார் இன்னொருவர். நெட் போனால் சண்டை பாதியில் நிற்கும், கம்பெனிக்காரன் சர்வரை மூடினால் ஊரே காணாமல் போகும், பொடிசுகள் மைக்கில் கெட்ட வார்த்தை பேசும். எல்லாம் நியாயமான கவலைதான். நானும் கதை போய்விடும் என்கிற கட்சியில் சேர்ந்து ஒரு அழுமூஞ்சிப் பொம்மையைப் போட்டுவைத்தேன். ஆனால் என் கவலை அது இல்லை. குழுவில் எழுதக் கூச்சமாக இருந்தது, உங்களிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் மஞ்சள்தூள் பாக்கெட் ஓரத்தில் கிழிந்து பை முழுக்கக் கொட்டியிருந்தது. திட்டிக்கொண்டே துடைத்தேன். அந்த வாசனை வந்தாலே எனக்கு யூசுப் பாயின் கடைதான். டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் கல்யாணப் பத்திரிகைக் கடை. படிப்பு முடித்ததும் அங்கே டிசைன் வேலைக்குப் போனேன். முதல் கட்டுப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவிக் கொடுப்பது பாய் கடை வழக்கம். தடவுவதும் நான், டைப் அடிப்பதும் நான். முகூர்த்த மாதங்களில் என் நகமும் கீபோர்டும் ஒரே நிறத்தில் இருக்கும்.

ஆடி வந்தால் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. கடையில் ஈ ஓட்டலாம். பாய் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கல்லாவிலேயே கண்ணசந்துவிடுவார். கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வந்தவர் எதற்கோ போட்டுவிட்டுப் போன கேம் ஒன்று அதில் கிடந்தது. முதல் பாகம். சும்மா இருக்கிறதற்குத் தொட்டேன், அவ்வளவுதான்.

முகூர்த்த மாதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பத்திரிகைக்குப் பிழை பார்க்க ஒரு ஆள் வரமாட்டார், வண்டி கட்டிக்கொண்டு குடும்பமே வரும். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஆளுக்கொரு வரியாகப் படிப்பார்கள். பெரிய மாமன் பெயர் சின்ன மாமன் பெயருக்குக் கீழே போய்விட்டால் அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதெல்லாம் ஓய்ந்து ஸ்நேகமானதும் யாராவது ஒரு அம்மா என் தோளில் கைவைத்துக் கேட்பார், "அம்மணி எந்த ஊருங்க?" தொண்டாமுத்தூர் பக்கம் என்பேன். அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"அட, நம்ம சம்பந்தி ஊடு அங்கதானுங்க. நீங்க அங்க யாரு ஊடுங்க?"

என்ன சாதி என்று நேராகக் கேட்பது எங்கள் பக்கத்தில் நாகரிகம் இல்லை. யாரு ஊடு என்று கேட்பார்கள், அது போதும். என் அப்பாவும் அம்மாவும் அந்த ஊரில் அடுத்தவர் தென்னந்தோப்பில் கூலிக்குப் போனவர்கள். ஸ்கூலுக்குப் பின்னாடிங்க என்று நான் மெதுவாகச் சொல்வேன். ஸ்கூலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று சம்பந்தி வீடு உள்ளவர்களுக்குத் தெரியாதா? "அப்படீங்களா" என்பார் அந்த அம்மா. தோளில் இருந்த கை எப்போது போனதென்று தெரியாது. பாய் வரவழைத்த டீயை நான் எடுத்து நீட்டினால், "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தோம்" என்பார்கள். பேச்சில் ஒரு ங்க குறையாது. திட்டினால் திருப்பித் திட்டலாம், மரியாதையாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது? வெட்கப்பட வேண்டியது நான் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, எனக்குத்தான் காது சுட்டது.

கேமில் ஊர்வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான். உன் பெயர் என்ன என்று மட்டும் கேட்பான். என்ன அடித்தாலும் நல்வரவு என்று கதவைத் திறந்துவிடுவான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த முதல் ஆடி மாதம் முழுக்க நான் அங்கே எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பேன். ஒருவரும் வரமாட்டார்கள், உள்ளே போனால்தான் கதையே நகரும் என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கேமில் ஒன்றுமே நடக்கமாட்டேன் என்கிறதே என்று அலுத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் பாய் தூக்கம் கலைந்து எழுந்துவந்து பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்மா வாசல்லயே நிக்கறே? கதவு தொறந்துதானே இருக்குது, உள்ள போ."

போனேன். ரொட்டி சுடுகிற பெண் ஒருத்தி அடுப்புப் பக்கம் உட்காரச் சொல்லி, சுட்ட ரொட்டியைக் கையில் கொடுத்தாள். எங்கிருந்து வருகிறாய், யார் வீடு, ஒன்றும் கேட்கவில்லை. குளிர் எப்படி என்றுதான் கேட்டாள். நான் வாய்விட்டு "வாரேனுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியதைப் பாய் கேட்டுவிட்டுக் கடை அதிரச் சிரித்தார். அதற்கும் வெட்கப்பட்டேன். ஆனால் அது வேறு வெட்கம், கொஞ்சம் இனிப்பாக இருந்தது.

பிறகு எத்தனையோ ஆகிவிட்டது. கல்யாணம், மகள், டவுனில் கணபதி ஏரியாவில் வாடகை வீடு, சொந்தக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பாகம் வரும்போதும் எனக்கு ஊருக்குப் போகிற மாதிரிதான். இப்போது புரிகிறதா என் கவலை? ஆன்லைன் என்றால் அங்கே மனுசர்கள் வருவார்கள். மனுசர்கள் வந்தால் கேட்பார்கள்.

போன வாரம் புதுப் பாகத்தைச் சோதனைக்குச் சில நாள் திறந்துவிட்டார்கள். முதல் நாளே பயந்துகொண்டே மகளின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனேன். நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டேன். கருப்பு ஓநாய் என்று பெயர் வைத்த ஒரு வீரன் முன்னால் ஓடிவந்தான். காதில் குரல் கேட்டது.

"அங்க கால் வெச்சுப்போடாதீங்க, முள்ளுப் பொறி இருக்குதுங்க."

டிராகன் உலகத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயசுப் பையன் குரல். நான் பேசியதும் அக்கா என்றான். தன் மருந்தை எனக்குக் கொடுத்தான், நான் தப்பாக வெட்டினாலும் பரவாலீங்க என்றான். குகையை முடித்துவிட்டு வெளியே நெருப்பு மூட்டி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எந்த ஊருங்க தம்பி என்று கேட்டேன். தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் என் ஊரையே சொன்னான்.

"அட, நம்மூரு! அங்க யாரு ஊடுங்க தம்பி?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"தண்ணி டேங்குக்குப் பக்கத்துலங்க அக்கா."

யார் என்று கேட்டால் எங்கே என்று பதில் சொல்கிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தான் தம்பி, என் அப்பா அம்மாவும் கூலிக்குப் போனவர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது? அவன் யாரென்று நானே கண்டுபிடித்து அவனிடமே சொல்வது மாதிரி ஆகாதா? தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா கூப்பிடறாங்க, வாரேனுங்க அக்கா என்றான். அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாகிவிட்டது.

நிஜமாகவே அம்மா கூப்பிட்டிருக்கலாம். சோதனை முடிகிற வரைக்கும் தினமும் போய் அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவன் வரவில்லை. பாய் கடையில் என்னைக் கேட்ட அந்த அம்மாக்களும் இப்படிச் சந்தோஷத்தில்தான் கேட்டிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கமாக இருந்தது.

ரசிகர்கள் குழுவில் இன்னும் சர்வரைப் பற்றியும் வாள் விலையைப் பற்றியும் சண்டை ஓயவில்லை. சோதனைக்குப் போனவர்கள் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இருபது வருஷம் அந்த ஊரில் என்னை ஒருவர் அந்தக் கேள்வி கேட்டதில்லை. மனுசர்களுக்குக் கதவு திறந்த முதல் நாளிலேயே அதைக் கேட்டது நான்.