பேசக்கூடாத மூன்று நாட்கள்

இந்த ஊரில் ஒருவர் களைத்துப்போனால் 'செத்த நேரம் படு' என்று யாரும் சொல்வதில்லை. எங்காவது போய்விட்டு வா என்கிறார்கள். நான் வேலை பார்க்கும் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஜீன் என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி ஒரு கடற்கரை ஊருக்குப் போவாள். அங்கே வாடகை நாற்காலியில், முழங்கால் வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு வாரம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பாதி நாள் மழை பெய்யும். மழையிலும் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்து சளி பிடித்திருக்கும்; முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். திண்டுக்கல்லில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதென்றால் கல்யாணம், சாவு, பிரசவம், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிறவர்கள் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போவார்கள். காலெல்லாம் கொப்புளத்தோடு போய், மொட்டைத் தலையும் பஞ்சாமிர்த டப்பாவுமாக பஸ்ஸில் திரும்புகிறவர்கள் முகத்திலும் ஜீன் முகத்தில் இருக்கும் அதே தெளிச்சியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு வேண்டுதல் என்று பெயர் இருக்கிறது. சும்மா இருப்பதற்காக ஒருத்தி ஊர்விட்டு ஊர் போகிறாள் என்று சொன்னால் எங்கள் தெருக்காரர்கள் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

எனக்கும் அப்படி ஒரு யோசனை வந்தது மேட்ரன் அம்மாளால்தான். நான் இங்கே வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை காய்ச்சல் பார்த்துவிட்டு, அடுத்த கட்டில்காரரை அப்படியே விட்டுவிட்டேன். மேட்ரன் என்னைத் தன் அறைக்கு அழைத்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "யூ மஸ்ட் கெட் அவே, நர்ஸ்" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர், வகுப்புக்குள் தெருநாய் நுழையும்போது மட்டும்தான் 'கெட் அவே' என்பார். எனக்கு வேலை போய்விட்டது என்று முடிவு செய்தேன். விடுதிக்கு வந்து டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினேன். மாதா படத்தைக் கழற்றினேன். காலையில் ஜீன் வந்து பார்த்தபோது நான் கோட்டும் தொப்பியுமாகப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேட்ரன் சொன்னது, ஓய்வுக்கு எங்காவது போய்விட்டு வா என்று. "எங்கே போவது?" என்று கேட்டேன். "உனக்குப் பிடித்த இடத்துக்கு" என்றாள். எனக்குத் தெரிந்த வேறு இடம் ஒன்றுதான். சம்பளமில்லாத நீண்ட லீவு வாங்கிக்கொண்டு கப்பலேறினேன்.

ஓய்வுக்காகத் திண்டுக்கல் போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். வீட்டில் அம்மா மட்டும்தான். ஆனால் விடிந்தால் வாசலில் கூட்டம். "லண்டன்ல எங்க லூர்துதான் டாக்டருக்கு அடுத்தபடி" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். லண்டன் வேறு லீட்ஸ் வேறு என்று சொல்லிப் பார்த்துக் கைவிட்டேன். காலை ஆறு மணிக்கே நாக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். மூட்டுவலி, வாய்வு, மருமகளின் வாய்த்துடுக்கு எல்லாவற்றுக்கும் சீமை மருந்து கேட்டார்கள். மூன்றாம் நாள் என் அக்கா அமலோற்பவம் வந்தாள். சாணார்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. பூந்தோட்டம், நாலு பிள்ளைகள், மாமனார், மாமியார். தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"அவளுக்குக் கோழிக்கொழம்பு பிடிக்குமேன்னு கொண்டாந்தேன். சொல்லும்மா."

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் அம்மா திரும்பி, "கோழிக்கொழம்பாம்" என்றாள்.

"சொகமா இருக்காளான்னு கேளு."

"இருக்கேன்னு சொல்லும்மா" என்றேன்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்ன தந்தி ஆபீஸா?" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எங்கள் நாலு வருஷப் பேச்சில்லாமைக்குக் காரணமே வராத ஒரு தந்திதான். ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, நான் லீட்ஸில் மூன்றாம் வருஷ நர்ஸ் படிப்பில் இருக்கும்போது இறந்துபோனார். மூன்று மாதம் பக்கவாதத்தில் கிடந்திருக்கிறார். எனக்குச் சேதி இல்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பா படுத்த பிறகு கடிதமெல்லாம் அக்கா கையெழுத்துத்தான். அடக்கம் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் எழுதிய கடிதம் வந்தது. 'அப்பாவை நீ ஒருத்தியே புதைத்துக்கொண்டாய். இனி நீ எனக்கு அக்கா இல்லை' என்று பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியதும், ஊருக்கு வெளியே ஒரு கன்னியர் மடத்தில் பெண்களுக்கு ஞான ஒடுக்கம் நடக்கப் போவதாகக் கோயிலில் அறிவித்தார்கள். வேறு மதத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று நாள் வீட்டைத் துறந்து மடத்திலேயே தங்க வேண்டும். பூசை, பிரசங்கம், செபமாலை. நடுவில் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசக்கூடாது என்பதைக் கேட்டதும் என் காதில் தேன் பாய்ந்தது. நாக்கை நீட்டுவது இருக்கட்டும், அங்கே 'ஆ' என்றுகூடச் சொல்ல முடியாதே! உடனே பெயர் கொடுத்தேன். மாற்றுச் சேலையும் பாயும் எடுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் விரித்து நிமிர்ந்தால், அடுத்த பாயில் அக்கா.

அவளும் என்னைப் போலத்தான் தப்பி வந்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. நாலு பிள்ளைகள், விடிகாலைப் பூப்பறிப்பு, மாமியார் இருமல் எல்லாவற்றிலிருந்தும். அங்கே வந்திருந்த எழுபது பெண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆண்டவரைத் தேடி வந்தோம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதல் நாள் மதியம், தான் சமைக்காத சோறு உட்கார்ந்த இடத்துக்கு வந்தபோது ஒவ்வொருத்தி முகத்தையும் பார்க்க வேண்டுமே! மோட்சத்தில் பந்தி போட்டதுபோல் இருந்தது. ஒரு கன்னியாஸ்திரி அர்ச்சியசிஷ்டர் எனப்படும் புனிதர்களின் சரித்திரத்தை உரக்க வாசிக்க, நாங்கள் சத்தமில்லாமல் சாப்பிட்டோம். வாயைக் கட்டிப்போட்டால் கை பேசத் தொடங்கிவிடுகிறது. விரலை வளைத்தால் ரசம். உள்ளங்கையைக் குவித்தால் உப்பு. புருவத்தை ஏற்றி வாசல் பக்கம் காட்டினால், அந்தப் பச்சைச் சேலைக்காரி யார் என்று அர்த்தம். பகலில் எல்லோரும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்கள். பிரசங்கத்திலும் கொஞ்சம் தூங்கினார்கள். எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் அந்தச் சட்டம் எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. நாலு வருஷமாக இருந்த ஒடுக்கத்தில் இன்னும் மூன்று நாள் கூடியது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலையில் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நான் முன்னால், எனக்குப் பின்னால் அக்கா. மற்றப் பாவங்களைச் சொல்லி முடித்துவிட்டு, கூடப்பிறந்தவளோடு நாலு வருஷமாகப் பேசவில்லை என்றேன்.

"போய் அவங்ககிட்ட பேசு. அதுதான் உனக்கு அபராதம்" என்றார் சாமியார்.

"சாமி, இங்க பேசக்கூடாதே?"

வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் செருமினார். "அப்ப எழுதிக் குடு" என்றார்.

செபப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து, தோட்டத்தில் தென்னை மரத்தடியில் நின்று பென்சிலால் எழுதினேன். எழுத நிறைய இருந்தும் ஒரு வரிதான் வந்தது. 'அப்பா கடைசியில் என்ன சொன்னார்?' அக்கா வெளியே வந்ததும் அவள் கையில் திணித்தேன். படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு அந்தத் தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி, "அதை எப்படிடி துண்டுச் சீட்டுல எழுதுறது?" என்று கத்திவிட்டாள்.

எழுபது தலைகள் திரும்பின. மடத்துத் தலைவியை நாங்கள் மதர் என்போம், கண்டிப்பானவர். விறுவிறுவென்று வந்து, உதட்டின்மேல் விரலை வைத்துவிட்டு, அதே விரலால் சமையல்கட்டைக் காட்டினார். அவரும் பேசக்கூடாதே. சட்டத்தை மீறியவர்களுக்கு வேலை தண்டனை. சமையல்கட்டில் ஒரு கோணிப்பை நிறையப் பச்சை மொச்சை இருந்தது. உரிக்க வேண்டும். சமையல்காரி மரியாயிக்கு மௌனச் சட்டம் கிடையாது. "இங்க பேசலாம்த்தா. பேசாம சமைச்சா கறி உப்புக்கரிக்கும்" என்றாள். ஆகவே அந்த மடத்திலேயே பேச அனுமதி உள்ள ஒரே இடத்துக்கு மதர் எங்களைத் தண்டித்து அனுப்பியிருந்தார். தெரிந்துதான் அனுப்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோணிப்பைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினோம். பிறகு அக்கா தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"அப்பா உன்னை வரச்சொல்லி எழுதச் சொன்னாரு, லூர்து. ஒரு தடவை இல்ல, தெனமும். வாய் கோணிப் பேச்சு கொழறும். அப்பவும் லூர்து, லூர்துன்னுதான். நான் எழுதல."

"ஏன்க்கா?"

"வயித்துல புள்ளையோட ஓடி ஓடிப் பாக்கேன். மலம் மூத்திரம் அள்ளுறேன். கஞ்சி ஊட்டி வாயத் தொடச்சு விடுறேன். என் மொகத்தப் பாத்து 'லூர்து'ங்கிறாரு. இருக்கவ கண்ணுக்குத் தெரியல, இல்லாதவளக் கூப்புடுறாரேன்னு ஆத்திரம். நீ வந்து நின்னா, நான் இம்புட்டு நாள் செஞ்சது ஒண்ணுமில்லாமப் போயிருமேன்னு ஒரு நெனப்பு. நாளைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம்னு இருந்தேன். போயிட்டாரு."

கையில் இருந்த மொச்சையை அவள்மேல் வீசியடிக்க வேண்டும் போல இருந்தது. என் வார்டில் தினமும் பார்க்கிற காட்சிதான் இது. கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மகளுக்குத் திட்டு விழும். கனடாவில் இருக்கும் மகன் பெயர்தான் கிழவர் வாயில் வரும். அந்த மகள்களின் தோளைத் தட்டிக்கொடுப்பது என் வேலை. தட்டிக்கொடுக்க வேண்டிய தோள் சொந்த அக்காவுடையதாக இருந்தால் கை எழ மாட்டேன் என்கிறது. ஆனால் வீசவும் எனக்கு யோக்கியதை இல்லை. அது ஏன் என்பதை அன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை சாமியாரிடம்கூட.

"நீ எழுதியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அக்காவின் கை நின்றது.

"அப்பாவுக்குக் கை வலி, அதனால நான் எழுதுறேன்னு ஒரு கடுதாசி போட்டே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் மூணு மாசம் அவர் கையெழுத்தே வரல. நர்ஸுக்குப் படிக்கிறவளுக்கு அது என்னன்னு புரியாதா? புரிஞ்சுச்சு. ஒரு வார்த்தை கேட்டு எழுதல. கேட்டா நீ உள்ளதச் சொல்லிருவே. சொன்னா கெளம்பி வரணும். கடைசிப் பரீட்சை இருந்துச்சு."

அக்கா என்னை முழுசாகப் பார்த்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவை.

"பெறகு எதுக்குடி எனக்கு அப்படி எழுதினே?"

"யாரையாச்சும் வையணும்ல."

அவள் ஒரு மொச்சைத் தோலை எடுத்து என் கன்னத்தில் அடித்தாள். அடித்த கையாலேயே என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, என் கூந்தலில் ஒட்டியிருந்த தோலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "கடைசியில என்னைத் தெரிஞ்சிருச்சுடி அவருக்கு. போறதுக்கு மொத நாளு, 'அமலு, நீ சாப்ட்டியா'ன்னு கேட்டாரு" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அடுப்படியிலிருந்து மரியாயி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரு உக்காந்து இன்னும் ஒரு படி ஆகலையா? எழுபது பேருக்கு வெஞ்சனத்துக்கு நான் எங்கத்தா போவேன்?"

மூன்றாம் நாள் மதியம் மணி அடித்து மௌனம் முடிந்தது. எழுபது பெண்கள் மூன்று நாள் அடக்கிவைத்த பேச்சை ஒரே மூச்சில் கொட்டிய இரைச்சலில் தென்னையிலிருந்த காகமெல்லாம் பறந்துபோயின. பச்சைச் சேலைக்காரி யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பேச வேண்டியதைப் பேசிவிட்ட நாங்கள் இருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பாயசம் குடித்தோம். அடுத்த வருஷத்துக்குப் பெயர் பதிகிறவர்கள் பதியலாம் என்று மதர் ஒரு பெரிய நோட்டைக் கொண்டுவந்தார். நான் கப்பலேறப் போகிறவள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பேனாவை வாங்கித் தன் பெயரையும், அதற்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டாள்.

லீட்ஸுக்குத் திரும்பியதும், லீவில் என்ன செய்தாய் என்று என் வார்டில் இருந்த ஒரு முன்னாள் சிப்பாய் கேட்டார். ஒடுக்கத்துக்கு இங்கே ரிட்ரீட் என்பார்கள். "ரிட்ரீட்டுக்குப் போனேன்" என்றேன். பட்டாளத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்வாங்கி ஓடுவது என்று பொருளாம். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, தாங்களும் ஒரு தடவை அப்படி பூட்ஸ்கூட இல்லாமல் ஓடியிருக்கிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அக்கா இப்போது மாதம் ஒரு கடிதம் எழுதுகிறாள். போன வாரம் வந்தது, இந்த வருஷத்து ஒடுக்கம் முடிந்து எழுதியது. 'பேர் வாசிச்சப்ப உன் பேரும் வந்துச்சு. பேசக் கூடாதுல்ல, அதனால உனக்கும் நானே கையத் தூக்கிட்டேன். மதர் பாத்தும் பாக்காத மாதிரி டிக் போட்டுட்டாங்க. உன் பங்குப் பாயசத்தையும் நானே குடிச்சேன்' என்று எழுதியிருந்தாள். தேதியைக் கணக்குப் பார்த்தேன். அந்த மூன்று நாளும் எங்கள் வார்டில் ஆள் குறைவு. படுக்கைக்குப் படுக்கை ஓடி, செவிட்டுக் கிழவர்களிடம் தொண்டை கட்டிப்போகும் வரை ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் ஒரு நோட்டில், அதே மூன்று நாளும் நான் வாயே திறக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது.