கத்தரிக்கோல் விழுங்கிய லா

கொத்தமல்லி வறுபடும் வாசனை வந்தால் எனக்குத் தொலைபேசி மணி கேட்கும். சிரிக்காதீர்கள். போன வெள்ளிக்கிழமை பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு மசாலாத் தூள் வாங்கப் போயிருந்தேன். மில்லில் கொத்தமல்லியை வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கைப்பேசி சும்மாதான் கிடந்தது. மணி அடித்தது அதில் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் மாடியில், இருபது வருடங்களுக்கு முன்னால்.

அந்த மாடியில் இப்போது காப்பிக்கடை நடக்கிறது. ஏணிபோல் நிமிர்ந்து நிற்கும் அந்த மரப்படியைச் சுற்றுப்பயணிகள் படம் எடுக்கிறார்கள். என் முதல் வேலை அந்தப் படியின் மேல்முனையில் இருந்தது. கம்பெனியின் பெயரில் 'தொலைத்தொடர்பு ஆய்வு மற்றும் சேவை' என்று நீளமாக வரும். ஆய்வு உள்ளறையில் நடந்தது. சேவை நான். அதாவது, வாடிக்கையாளர் திட்டினால் கேட்டுக்கொள்ளும் வேலை.

அந்த வாரம் இந்த நினைவு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனியைப் பின்னாளில் வாங்கிய பெரிய நிறுவனம் தன் இணையதளத்தில் 'நம் வரலாறு' என்று ஒரு பக்கம் போடுகிறது. கம்பெனி தொடங்கிய நாள் எது என்று கேட்டு எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. நாள் கிழமை விஷயத்தில் நான் ஒரு மாதிரியான ஆள் என்பது அங்கே எப்படியோ தெரிந்திருக்கிறது. "கல்யாணம் எந்தக் கிழமைன்னு கேட்டா சொல்வாரு, பொண்ணு என்ன கலர் சேலைன்னு கேட்டா முழிப்பாரு" என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. முழிப்பேன்தான்.

ஆனால் இந்தக் கேள்விக்கும் முழித்தேன். அந்தக் கம்பெனிக்குப் பிறந்தநாள்கள் பல. அரசாங்கத்தில் பதிவு செய்த நாள் ஒன்று. பலகை மாட்டிய நாள் ஒன்று. பலகையில் ஒரு எழுத்து தப்பாக வந்து, திருப்பி அனுப்பி, மறுபடி மாட்டிய நாள் இன்னொன்று. முதல் அழைப்பு கடலைத் தாண்டிப் போன நாளும் இருக்கிறது. எதைச் சொல்வது?

பரமேஸ்வரி அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கம்பெனியைத் தொடங்கியவர் அவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நல்ல பதவியில் இருந்த பொறியாளர். அதை உதறிவிட்டு வந்தவர். கூட வந்தவர் லிம். ஹொக்கியன் பேசும் சீனர், கணினி நிரல் எழுதுவதில் மன்னர், பருப்பு வடைக்கு அடிமை. சந்தைத் தமிழை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். பேசும்போது மட்டும் எல்லா வினைச்சொல்லையும் பாதியில் விட்டுவிடுவார்.

அவர்கள் கண்டுபிடித்தது எளிமையானது, அதனாலேயே அழகானது. இரண்டு பேர் தொலைபேசியில் பேசினால் பாதி நேரம் மௌனம். ஒருவர் பேச, மற்றவர் கேட்பார். மூச்சு வாங்குவார்கள், யோசிப்பார்கள். அந்த மௌனத்தை வெட்டிவிட்டால், அந்த இடத்தில் இன்னொருவருடைய பேச்சை அனுப்பலாம். ஒரே கம்பியில் பல உரையாடல்கள், அழைப்பும் மலிவு. அந்த வெட்டும் பெட்டிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் கத்தரிக்கோல் என்றோம்.

பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்று சோதனைக்கு இடம் கொடுத்தது. லிட்டில் இந்தியாவின் கடைகள் சில, தீவுக்கு அக்கரையில் பெருநிலத்தில் அவர்களுடைய உறவுக்காரர்கள் சிலர். எல்லார் கையிலும் எங்கள் தொலைபேசி. தைப்பூசம் வரை ஓட்டிப் பார்ப்பது. கடைக்காரர்களுக்குப் பிடித்தால் ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் கம்பெனியே இல்லை. பரமேஸ்வரி அக்கா இதை மறைக்கவில்லை. "தண்ணீர்மலைக்குக் காவடி ஏறுறப்போ நமக்கு வேலை இருக்கணும். இல்லாட்டி நானே ஒரு காவடி எடுக்கணும்" என்றார்.

பெட்டியை மாதக்கணக்கில் சோதித்தோம். ஆங்கிலம், மலாய், ஹொக்கியன், தமிழ் நான்கிலும். தமிழுக்கு நானும் அக்காவும். ஒலிவாங்கியை முன்னால் வைத்ததும் அக்காவின் குரல் வானொலிக் குரலாகிவிடும். 'இன்று பிற்பகல் வடக்கு மாநிலங்களில் பரவலாக மழை பெய்யும்' என்று வாசிப்பார். நான் அதைவிட மோசம். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன். ழகரம் நாக்கில் உருள, 'தாங்கள் நலமா?' என்பேன். அப்படி யாரும் பினாங்கில் யாரையும் கேட்டதில்லை. மறுமுனையில் ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று விழுந்தது. லிம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். கீழே மில்லில் கொத்தமல்லி வறுபடும். எங்கள் வெற்றியின் வாசனை அதுதான் என்று நினைத்துக்கொண்டோம்.

சோதனை தொடங்கியது. புகார்கள் வந்தன. ஆனால் வினோதமான புகார்கள். இரைச்சல் என்று யாரும் சொல்லவில்லை. நகைக்கடைக்காரர் ஒருவர், "என் மச்சான் மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுறான் தம்பி" என்றார். பாத்திரக்கடை அக்கா, "அக்கரையில பட்டவர்த்துல இருக்குற என் தங்கச்சிக்கு என்மேல என்ன கோவம்னு தெரியலியே" என்றார். நான் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, இது குடும்ப விவகாரம், தொழில்நுட்பக் கோளாறு அல்ல என்று உள்ளறைக்குச் சொல்லி அனுப்பினேன். எவ்வளவு தெளிவான இளைஞன், பாருங்கள்.

பிறகு ஒரு நாள் காலை ஹமீது அண்ணன் படியேறி வந்தார். மார்க்கெட் ஸ்த்ரீட்டில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்த வட்டாரக் கடைகளுக்கெல்லாம் அவர் பேச்சுதான் பேச்சு; அவரை நம்பித்தான் மற்றவர்கள் எங்கள் தொலைபேசியை வாங்கியிருந்தார்கள். முட்டிவலியோடு அந்தப் படியை ஏறியதில் மூச்சு இரைத்தது. கக்கத்தில் ஒரு பொட்டலம். கடைத் துணியில் சுற்றிய எங்கள் தொலைபேசி.

"இந்தா தம்பி. நீங்களே வச்சுக்குங்க."

"லைன்ல கோளாறாண்ணே?"

"லைனு கண்ணாடி மாதிரி இருக்கு. ஆளுங்கதான் மாறிட்டாங்க."

உள்ளறையிலிருந்து பரமேஸ்வரி அக்கா வந்துவிட்டார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். ஹமீது அண்ணன் திருப்பிக் கொடுத்தால் தெரு முழுவதும் திருப்பிக் கொடுக்கும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. யாரு என்ன சொன்னா?"

பெருநிலத்தில், நிபோங் திபாலில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அவருடைய தங்கை மைமூன். மைமூனின் மூத்த மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமன் இவர், வியாழக்கிழமையே வந்து பந்தல் வேலையைப் பார்க்கிறேன் என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறார்.

"'நீ வர வேணாம்'னுட்டா. அவ்வளவுதான். டக்குனு. நானும் வச்சிட்டேன். இனிமே அந்தக் கல்யாணத்துக்கு நான் போனா என்னை ஏன்னு கேளுங்க."

"அவங்க எப்பவும் அப்படித்தான் பேசுவாங்களாண்ணே?"

"எப்பவுமா?" ஹமீது அண்ணன் வெடித்துவிட்டார். "பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் கேக்குறேன், எதுக்கெடுத்தாலும் லா. திட்டினாக்கூட லா போட்டுத் திட்டுவா. இப்ப எனக்கு மட்டும் லா கெடையாது! நான் என்ன, இமிகிரேசன் ஆபீசரா?"

மூலையில் வடை தின்றுகொண்டிருந்த லிம் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் வடையோடு, "அக்கா, வேய்ட், வேய்ட்" என்று எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினார். அக்காவின் மேசையில், கத்தரிக்கோல் வழியாக வரும் தொலைபேசி அடித்தது. நடுவில் வெறும் பலகைச் சுவர். லிம் பேசுவது நேரிலும் கேட்கும், கம்பியிலும் கேட்கும்.

"லிம், இந்த வேலை சாயங்காலம் முடியுமா?" என்றார் அக்கா.

சுவர் வழியாக, "கென் லா!"

தொலைபேசியில், "கென்."

அக்கா என்னைப் பார்த்தார். ரிசீவரை ஹமீது அண்ணன் காதில் வைத்தார். "மறுபடி சொல்லு லிம். முடியாதுன்னு சொல்லு."

சுவரில், "கெனொட் லா!" காதில், "கெனொட்."

"யா அல்லா," என்றார் ஹமீது அண்ணன், "இவனுக்கும் என்மேல கோவமா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. நாங்கள் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் குரல் தாழ்ந்து, மெல்ல வழிந்து விழுகிற அந்த 'லா' இருக்கிறதே, அதைக் கத்தரிக்கோல் மௌனத்தின் தொடக்கம் என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டியது வெறும் ஓசை இல்லை. 'வேணாம் லா' என்றால் உனக்கு ஏன் சிரமம் என்று பொருள். 'வேணாம்' என்றால் வேண்டாம்.

"மைக்க கண்டதும் நாம யாருமே லா சொல்லலியே" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். உண்மை. பினாங்கில் லா இல்லாத தமிழ் பேசப்பட்ட ஒரே இடம் எங்கள் ஆய்வறை. லிம்கூட ஒலிவாங்கி முன்னால் மட்டும் லண்டன் ஆளாகியிருக்கிறார்.

ஹமீது அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. "மெஷின் முழுங்கிடுச்சுங்குறீங்க. அவ சொல்லவே இல்லன்னா?" நியாயமான கேள்வி. அக்கா பழைய சாதாரணத் தொலைபேசியை எடுத்து நிபோங் திபால் கடையின் பழைய எண்ணை அவரிடமே கேட்டுச் சுழற்றி, அவர் கையில் திணித்தார். மைமூன் அக்காவின் குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை. அறை முழுவதும் கேட்டது.

"அண்ணனா? ஏன் லா அன்னிக்குப் போனை வச்சிட்டே? முட்டிவலியோட பஸ் ஏறி இறங்கி ஏன் லா கஷ்டப்படுறேன்னு சொன்னா, கோவிச்சுக்குறியே! நான் அழுதுட்டேன் தெரியுமா? நீ இல்லாம எனக்கு என்ன லா கல்யாணம்?"

ஹமீது அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே, "வியாழக்கிழமையே வர்றேன் லா" என்றார். படியில் இறங்கும்போது பொட்டலத்தை எங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு, "லா வந்ததும் கொண்டாங்க" என்றார்.

லா வருவது சும்மா இல்லை. பேச்சு நின்றதும் உடனே வெட்டாமல் கண் சிமிட்டும் நேரம் காத்திருக்கும்படி பெட்டியை மாற்ற வேண்டும். காத்திருந்தால், ஒரு கம்பியில் அக்கா வாக்குக் கொடுத்த அளவு உரையாடல்களை அடைக்க முடியாது. லிம் சொன்னார்: "நம்பர் குறைஞ்சா, காண்ட்ராக் போச்சு அக்கா." வேறு யாராக இருந்தாலும் காகிதத்தில் எண்ணைக் காப்பாற்றிவிட்டு, லாவைக் கைவிட்டிருப்பார்கள். கேட்பவருக்குப் புகாராகச் சொல்லத் தெரியாத ஒன்று அது. அக்கா பெட்டியை மாற்றச் சொன்னார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியை என் தோளில் மாட்டி, சோதனைக்கு இடம் கொடுத்த தொலைபேசி நிறுவனத்துக்கு அழைத்துப்போனார்.

மலாய் அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். உரையாடல்கள் குறையும் என்பதை அக்கா முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். அதிகாரி பேனாவை மூடினார். அக்கா எனக்குச் சைகை காட்ட, கருவியை அழுத்தினேன். லிம் தன் சொந்தக் குரலில் பதிந்திருந்தார். பழைய பெட்டி வழியாக, "தா அப்பா." மலாயில் பரவாயில்லை என்று பொருள், ஆனால் அந்தக் குரலில் எதுவும் பரவாயில்லை என்று தோன்றவில்லை. பிறகு புதிய பெட்டி வழியாக, "தா அப்பா லா."

அதிகாரி தலையைச் சாய்த்தார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். "முதல் குரலோடு நான் வேலை செய்ய மாட்டேன்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பேனாவைத் திறந்தார்.

தைப்பூசத்துக்கு அக்கா தண்ணீர்மலை ஏறினார், காவடி இல்லாமல். ஹமீது அண்ணனின் தொலைபேசியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே நிபோங் திபாலுக்கு அழைத்து, "ஒண்ணுமில்ல லா, சும்மாதான் லா" என்று சொல்லிவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, எனக்கு ஒரு கைலி எடுத்துக் கொடுத்தார்.

கம்பெனி வளர்ந்தது, பாயான் லெப்பாஸுக்கு இடம் மாறியது. பிற ஊர்களிலிருந்தும் பொறியாளர்கள் வந்தார்கள். வந்தவர்களை முதல் வாரம் அக்கா சந்தைக்கு அனுப்புவார். காய்கறிக்காரருடனும் மீன்காரருடனும் பேசி, அந்தப் பேச்சைப் பதிந்துகொண்டு வர வேண்டும். எந்தப் பெட்டியும் அந்தப் பேச்சில் தேறாமல் வெளியே போகாது. படித்தவர்கள் நடத்திய கம்பெனிகளில், மனிதர்கள் நிஜமாகப் பேசுவதை இவ்வளவு மரியாதையாகக் கேட்ட இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அந்தச் சோதனைக்கு 'லா பார்ப்பது' என்று பெயர். வடநாட்டுப் பொறியாளர் ஒருவர் கடைசி வரை அதை ஏதோ பூசை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு விற்பனை, பெயர் மாற்றம். அக்கா ஓய்வுபெற்று மகளுடன் வெளிநாடு போய்விட்டார். லிம்மும் ஹமீது அண்ணனும் இப்போது இல்லை. துணிக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். யாரும் யாரையும் அழைப்பதில்லை, எழுதி அனுப்புகிறார்கள். அதில் லா இருக்கிறது, ஆனால் குரல் தாழ்ந்து வழிவதில்லை.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். ஹமீது அண்ணனின் கையில் தொலைபேசி திரும்பிய நாளே கம்பெனி பிறந்த நாள் என்று, கிழமையோடு. நன்றி சொல்லிவிட்டு, பதிவுசெய்த நாளைப் போட்டுவிட்டார்கள்.

திருத்தச் சொல்லலாம் என்று அந்த நிறுவனத்தின் எண்ணை அழைத்தேன். தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். பதிவுசெய்த குரல் ஒன்று வந்தது. அப்பழுக்கற்ற தமிழ், ழகரம் நாக்கில் உருள, கட்டுரைப் போட்டிப் பையனைப்போல. தற்போது அனைவரும் பணியில் உள்ளனர், பின்னர் அழைக்கவும் என்றது. சொல்லி முடித்தது. பழைய பழக்கத்தில் நான் உடனே வைக்கவில்லை. கண் சிமிட்டும் நேரம் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.