செல்வி என்னிடம் சொல்லியிருந்தாள்

செல்வி என்னிடம் சொல்லியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கச் சொல்லியிருந்தாள். "சொல்லவே இல்லை" என்று சபைக் கமிட்டிக்கு முன்னால் நான் பொய் சொன்னேன்.

விஷயம் இவ்வளவுதான். இதற்குமேல் படிக்கப் பிடிக்காவிட்டால் நீங்கள் எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு ஏது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் சபையின் சண்டே ஸ்கூலைப் பல வருடம் நடத்தியவள் நான். பதவியின் பெயர் கண்காணிப்பாளர். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் நான் அக்கா.

தானே புயல் மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டுப் போனதே, அதற்கடுத்த கோடை. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வந்த ஒரு சின்னப் பையன் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விட்டான். பஜார் பக்கம் அழுதுகொண்டு நின்றவனை யாரோ புண்ணியவான் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார். என்ன ஆச்சரியம் அதில்! ஆராதனை முடிந்ததும் பெற்றவர்களெல்லாம் வகுப்புக்குள் புகுந்து அவரவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் அதுவரை வழக்கம். எந்தப் பிள்ளை யாரோடு போனது என்று கேட்டால் டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில், டூல் ரூமில் இருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி தன் நம்பர் அடித்த டோக்கனைக் கொடுத்துவிட்டு ஸ்பானரை வாங்கிப் போவார். ஸ்பானர் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பும். "மூஞ்சியப் பார்த்துக் குடுக்க ஆரம்பிச்சா டூல் ரூம் ஒரே மாசத்துல காலி. டோக்கனைப் பாரு, ஆளைப் பார்க்காதே" என்பார் அவர்.

அதை அப்படியே சண்டே ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். வடலூரில் ஒரு பட்டறையில் கொடுத்து, நம்பர் போட்ட தகர டோக்கன்களை ஜோடி ஜோடியாக அடித்து வாங்கினோம். காலையில் பிள்ளை உள்ளே வரும்போது ஒன்றை அதன் சட்டையில் ஊக்கால் குத்துவோம். அதே நம்பர் உள்ள இன்னொன்று பெற்றவர் கையில். வாசலில் ஒரு மேசை, ஒரே வரிசை. டோக்கனைக் காட்டினால் பிள்ளை வரும். காட்டாவிட்டால் பிஷப்பே வந்து நின்றாலும் கிடையாது!

அடேயப்பா, எப்படி ஓடியது தெரியுமா! தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. ஆபீசர் வீட்டம்மாவும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் மனைவியும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். "அக்கா வாசல்ல இருந்தா ஒரு எறும்புகூட அவங்களத் தாண்டிப் போவாது" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் காதில் விழும்படி நான் நின்றுகொள்வேன். ஆம், பெருமைதான். இன்று அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

செல்வி சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் ஜெபராஜ் தெற்கத்திக்காரர், மைன்ஸில் பர்மனென்ட். என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவார். வீட்டில் கை நீட்டுவார். இது பிளாக் முழுக்கத் தெரிந்த சங்கதி, ஆனால் ஒருவரும் வாய் திறக்காத சங்கதி... ஒருநாள் செல்வி தன் ஆறு வயது மகள் ஜெனியைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறினாள். வடலூரில் ஓர் அறை பிடித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிறுதோறும் பிள்ளையோடு பஸ் ஏறிச் சபைக்கு வந்துவிடுவாள்.

"பர்மனென்ட் மாப்பிள்ளையை உதறிட்டுப் போயிருக்காளே, என்ன திமிர்!" என்று பெண்கள் பேசினார்கள். பேசிய பெண்களில் நானும் உண்டு.

ஒரு ஞாயிறு, எல்லாரும் போன பிறகு நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்வி தனியாக வந்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றன். அவரு பாப்பாவ இட்டுகினு பூடுவன்னு சொல்லிகினே இருக்காரு. வடக்க, ஹிந்தி பேசற ஊருல இருக்கற அவங்க அக்கா வூட்டுல கொண்டுபோயி வுட்டுடுவாராம். அவரு வந்து கேட்டா குடுத்துடாதீங்கக்கா. டோக்கன் கொண்டாந்தாலும் குடுக்காதீங்க. என் கையில மட்டுந்தான் குடுக்கணும்."

"நான் இருக்கேன்ல? நீ நிம்மதியா போ" என்றேன்.

அவள் நிம்மதியாகப் போனாள். 

பிறகு அந்தத் திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் டோக்கன் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தலைமையிலிருந்து ஓர் ஐயா பார்க்க வந்திருந்தார். மற்ற சபைகளிலும் இதைக் கொண்டுவரலாமா என்று அவருக்கு யோசனை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசல் மேசையில் நின்றேன் நான்.

பீடத்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நாளில் ஆராதனை நீளும். பிள்ளைகளின் வகுப்பு முன்னாலேயே முடிந்துவிடும். திருவிருந்து எடுத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து பிள்ளையை வாங்கிப் போவார்கள். பீடத்துக்குப் போகும் பெண்கள் கைப்பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போவது வழக்கம். கர்த்தருடைய சந்நிதியில் யார் எடுக்கப்போகிறார்கள்?

ஜெபராஜ் எடுத்தார். செல்வி பீடத்தில் முழங்கால் போட்டிருந்த நேரத்தில் அவள் பையிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஸ்தோத்திரம்க்கா" என்று சிரித்தார். டோக்கனை நீட்டினார்.

உள்ளே இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செல்வி உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் அதுவரை ஒருநாளும் பிள்ளையை வாங்க வந்ததில்லை, அதுவும் தெரியும். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. மறதி என்றால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"பாருங்க ஐயா, டோக்கன் சரியா இருந்தா ஒரு நிமிஷம்கூட ஆகாது" என்று விருந்தாளியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ஜெனியைக் கூப்பிட்டேன்.

பிள்ளை வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அம்மா எங்க?" என்றாள்.

"அப்பா வந்திருக்காங்கல்ல, போ கண்ணு" என்று அவள் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். அவள் என் சேலையைப் பிடித்தாள். விரல்களை நான்தான் விடுவித்தேன்.

"ரொம்ப ஒழுங்கு!" என்றார் ஐயா.

ஏன் கொடுத்தேன்? எத்தனை முறை என்னையே கேட்டிருக்கிறேன்... "கொஞ்சம் இருங்க தம்பி, செல்வி வரட்டும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விருந்தாளிக்கு முன்னால் என் முறை தடுமாறக் கூடாது என்றா? அதுவும் உண்டு. ஆனால் அதுமட்டும் என்று சொன்னால், உங்களிடமும் பொய் சொன்னவள் ஆவேன்.

எனக்கு அவள்மேல் ஆத்திரம் இருந்தது. நானும் அடி வாங்கியவள்தான். கல்யாணமான புதிதில் என் கன்னத்திலும் கை விழுந்திருக்கிறது. நான் பொறுத்துக்கொண்டேன், குடும்பம் நடத்தினேன், ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டு வந்தேன். இவள் மட்டும் என்ன, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளா? பிள்ளை அவன் கையில் இருந்தால் இவள் கொட்டம் அடங்கும், பேசாமல் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் இத்தனையும் நினைத்தேன். சீ! எழுதவே கை கூசுகிறது.

செல்வி வெளியே வந்தாள். மேசைக்கு முன்னால் நின்று பைக்குள் துழாவினாள். பிறகு பையையே மண்ணில் கவிழ்த்துக் கொட்டினாள்.

"அக்கா, டோக்கன காணலக்கா... பாப்பா எங்க?"

"ஜெபராஜ் டோக்கன் கொண்டுவந்தாரும்மா" என்றேன்.

அவள் போட்ட சத்தத்தில் உள்ளே பாட்டு நின்றது. செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. போலீஸுக்குப் போனாள். "பெத்த அப்பன் புள்ளையக் கூட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு கம்ப்ளெய்ன்டாம்மா?" என்று கேட்டு அனுப்பினார்களாம். அப்பனும் பிள்ளையும் அதற்குள் ரயிலேறிவிட்டிருந்தார்கள்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. சபைப் போதகரான ஐயர், செயலாளர், மூப்பர்கள், என் வீட்டுக்காரர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நான் அக்காகிட்ட முன்னாடியே சொல்லிதான் வச்சிருந்தன். டோக்கன் கொண்டாந்தாலும் குடுக்காதீங்கன்னு..."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அங்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன நடந்திருக்கும்? பதவி போயிருக்கும், நாலு பேர் ஏசியிருப்பார்கள். பிள்ளையைத் தேடி நாலு பேர் செல்வியோடு கிளம்பியிருக்கவும் கூடும்! சபையின் தப்பு என்று ஆகியிருந்தால் சபை சும்மா இருந்திருக்குமா?

"நீ என்கிட்ட எதுவும் சொல்லலியேம்மா" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை. "சொல்லணும்னு நினைச்சிருப்ப. மனசு கலங்கிப்போய் இருந்த நேரம்... சொல்லிட்டோம்னு தோணுது உனக்கு."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சொல்லலியா நானு?... தூக்கமே இல்லாமத் திரிஞ்சிகினு இருந்தன். சொன்ன மாதிரியே இருக்குதே... அக்கா பொய் சொல்ல மாட்டாங்களே!"

"டோக்கனப் பத்திரமா வச்சுக்க வேண்டியது பெத்தவங்க பொறுப்பு" என்று செயலாளர் முடித்துவைத்தார். முறையில் குறையில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சில மாதங்களில் அதே முறையை மற்றச் சபைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னையே அனுப்பினார்கள். மைக் பிடித்து விளக்கினேன். கைதட்டினார்கள்.

ஜெபராஜ் லீவு முடிந்து திரும்பி வந்தார், பிள்ளை இல்லாமல். மறுபடியும் பாடகர் குழுவில் நின்று பாடினார். ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை! செல்வி வேறொரு ஆராதனை நேரத்துக்கு மாறிக்கொண்டாள். வக்கீல், கோர்ட், வாய்தா என்று அலைந்தாள். குவார்ட்டர்ஸுக்கு மட்டும் திரும்பவில்லை. நான் போட்ட கணக்கு அதிலும் பொய்த்தது.

அதற்குப் பிறகு அவள் திருவிருந்துக்குப் போகும்போது கைப்பையையும் கூடவே எடுத்துப் போனாள். முழங்காலில் நிற்கும்போதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டிருப்பாள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஆராதனைக்கும் போய், நான் பின் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வருடங்கள் கழித்து, கோர்ட் உத்தரவோடு ரயிலேறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். காபி கொடுத்தேன்.

"நல்லா வளந்துட்டாக்கா. ஹிந்தியிலதான் பேசறா. தமிழ் ஒண்ணுமே வரல. என்னைப் பார்த்து ஆன்ட்டின்னு கூப்புட்டா..." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் தப்புதான, வேற யாரச் சொல்றது? பைய பெஞ்சிலயே வுட்டுட்டுப் போனன் பாருங்க!"

அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. "அழாதம்மா, ஜெபம் பண்ணுவோம்" என்றேன். ஜெபமும் பண்ணினேன்! கண்ணை மூடி, அவள் தலையில் கை வைத்து, உரக்க...

கடவுளிடம் சொல்லியாயிற்று என்று சொல்லிக்கொள்வேன். அவர் மன்னித்திருக்கலாம், அது அவர் பாடு. பிள்ளையைப் பறிகொடுத்தது அவரல்லவே. பறிகொடுத்தவள் வடலூரில் இருக்கிறாள். அவளிடம் சொன்னால் அவள் தன்னையே திட்டிக்கொள்வதாவது நிற்கும். இது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவது நின்றுபோகுமே என்ற பயம். என்ன ஈனத்தனம் பாருங்கள்! அவளிடம் சொல்லத் துப்பில்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. சாமான் கட்ட உதவிக்கு யாரையும் நான் கூப்பிடவில்லை. செல்வி தானாகவே வந்தாள். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். லாரி வந்து நின்றதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அன்னைக்கு ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டன்க்கா. சொல்லியிருந்தா எம் புள்ளைய நீங்க வுட்டிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"ஆமாம்மா, விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.